சுவருக்கு இந்தப் பக்கம்

பாவசங்கீர்த்தனத்திற்கு முந்தைய நாள் மாலை எங்கள் வீட்டில் ஒரு வழக்குமன்றம் கூடும். நாங்கள் மூவர், உடன்பிறந்தோர். இருவர் ஆண், இளையவள் பெண். இதை எழுதும் கை ஒருவருடையதுதான் என்றாலும், நடந்தது மூவருக்கும் பொதுவாகையால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். தவளக்குப்பத்தில், கடலூர்ச் சாலையை விட்டு நல்லவாடு நோக்கிப் போகும் பாதையில் எங்கள் வீடு. எண்பதுகளில் அந்தப் பக்கம் சவுக்குத் தோப்புகள் நிறைய இருந்தன. அத்தோப்புகளில் ஒன்றில் சுள்ளி பொறுக்கியது ஏழாம் கற்பனைக்கு எதிரான பாவமா, இல்லையா என்பது ஒரு மாலை எங்கள் மன்றத்துக்கு வந்த வழக்கு. விழுந்து கிடந்ததைத்தானே எடுத்தோம் என்றான் பெரியவன். விழுந்தாலும் தோப்பு அவருடையதுதானே என்றாள் தங்கை. திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே தீர்ப்புச் சொன்னார்: “என்னை எதுக்குக் கேக்குறீங்க? போய்த் தோப்புக்காரரைக் கேளுங்க.”

நாங்கள் போய்க் கேட்கவில்லை. மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு, அபராதமாகக் கிடைத்த மூன்று அருள்நிறை மந்திரத்தையும் சொல்லி முடித்து, கணக்குத் தீர்ந்தது என்று வீடு திரும்பினோம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறவாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நன்மை தீமை அறிவது எங்களுக்கு ஒரு பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் வாய்விட்டுச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். இவற்றுள் முதலாவதுதான் கடினமானது. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த உபதேசியார், பத்துக் கற்பனைகளையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் எங்கே எப்போது தவறினோம் என்று தேடச் சொல்வார். பொய் சொன்னது, தாயை எதிர்த்துப் பேசியது, ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனது, பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டது. சிறுவயதிலேயே தன் செயலைத் தானே திரும்பிப் பார்க்கும் ஒரு கண்ணை இப்பயிற்சி உண்டாக்குகிறது என்பதில் எங்களுக்கு இன்றும் ஐயமில்லை. நவீன இலக்கியத்தில் பேசப்படும் தன்விசாரணை என்பதை நாங்கள் முதலில் கற்றது நாவல்களிலன்று, அரியாங்குப்பம் மாதா கோவிலில் முழங்காலில் நின்றபோதுதான்.

ஆனால் கண்ணுக்குப் பட்டியல் ஒன்று கொடுத்துவிட்டால், அது பட்டியலில் உள்ளதை மட்டுமே பார்க்கப் பழகிவிடுகிறது.

அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தார். (காகிதத்தில் அதன் பெயர் ஏ.எஃப்.டி.; புதுச்சேரியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2020-இல் அது மூடப்பட்டபோது அவர் இல்லை.) அவருடைய சொந்த ஊர் கடலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அதே ஊரிலிருந்து அதே மில்லுக்கு அவருக்கு ஓராண்டு முன்னதாக வேலைக்கு வந்தவர் ஒருவர் இருந்தார். இருவரும் ஒரே ஷிப்டில் சைக்கிளில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து முதலியார்பேட்டைக்குப் போய் வருவார்கள். ஞாயிறு பூசையில் ஒரே பெஞ்சு. பூசை முடிந்து எங்கள் வீட்டில் இடியாப்பமும் கறிக்குழம்பும். நாங்கள் அவரைப் பெரியப்பா என்று அழைத்தோம். அப்பாவைவிட மூத்தவர் என்பதைத் தவிர அதில் வேறு கணக்கு எதுவும் இல்லை.

கணக்கு ஊரில் இருந்தது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் பெரியப்பா எங்கள் தெருவுக்கு வரமாட்டார். நாங்களும் அவர் தெருவுக்குப் போனதில்லை. ஊரில் ஒரே கோவில், ஒரே மாதா, ஒரே தேர். தேர் அவர்கள் தெருவுக்குள் போகாது. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நெஞ்சளவுச் சுவர் ஒன்று. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எங்கள் சாதியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வாசிப்பவர் மனம் அதையே பிடித்துக்கொண்டு, இது அந்தச் சாதியின் கதை என்று தம்மை விடுவித்துக்கொள்ளும். எத்தனையோ முறை ஆத்தும சோதனை செய்திருக்கிறோம். அந்தச் சுவர் எந்தக் கற்பனையின் கீழும் வந்ததில்லை. அதை நாங்கள் கட்டவில்லை. பிறக்கும்போதே அது இருந்தது. மழையும் வெயிலும் போல.

அப்பா இறந்தது ஒரு தவக்காலத்தில். தம்மை ஊரில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பெரியப்பா தவளக்குப்பத்திலிருந்து எங்களோடு அதே வண்டியில் வந்தார். வழியெல்லாம் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தார். ஊர் எல்லையில் வண்டி நின்றதும் இறங்கி, எதுவும் சொல்லாமல் வேறு பக்கம் நடந்தார். நாங்கள் பார்த்தோம். அழைக்கவில்லை. கோவில் பூசையில் அவர் கடைசியில் நின்றாரா, வெளியில் நின்றாரா, தெரியாது, திரும்பிப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் பெட்டியை இறக்கி, சாமியார் தீர்த்தம் தெளித்து, ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போடும்போதுதான் தங்கை எங்கள் கையைத் தொட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், தம்முடைய பெற்றோர் கல்லறைகளுக்கிடையில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிடி மண் இருந்தது. சுவருக்கும் குழிக்கும் பத்தடி தூரம் இருக்கும். அவர் அதை எறியவில்லை. எறிந்தால் அது மரியாதையாகாது. சற்று நேரம் வைத்திருந்துவிட்டுத் தம் காலடியிலேயே மெல்லக் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார்.

“வாங்க பெரியப்பா” என்று இரண்டு சொல். மூன்று பேரில் ஒருவர் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பங்காளிகள் நின்றார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு வம்பு வேண்டாம் என்று தோன்றிற்று. அப்படித் தோன்றியதா, பிறகு அப்படிச் சொல்லிக்கொண்டோமா என்பதும் இப்போது தெளிவாக இல்லை.

அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கு முன் எங்களில் பெரியவன் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான். எங்கே, எந்தக் குருவிடம் என்பது தேவையில்லை. எந்தக் கற்பனையின் கீழ் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பூசைத் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் பாவ அறிக்கையில், செய்தவற்றோடு செய்யாமல் விட்டவையும் சேர்த்தே எண்ணப்படுகின்றன; அதைப் பிடித்துக்கொண்டு சொன்னான். முதிய குரு. மந்திரம் எதுவும் அபராதமாகத் தரவில்லை. “அவரைப் போய்ப் பார்” என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் போகவில்லை. போவதற்குப் பதிலாகப் படித்தோம். படித்தவர்கள் குற்றவுணர்விலிருந்து தப்பும் வழி அதுதான் போலும்.

முதலில் கையில் எடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. துபாஷி பிள்ளை கிறிஸ்தவரல்லர், வைணவர். அதனாலேயே கோவில் பூசல்களை ஒதுங்கி நின்று பார்த்து எழுதும் வசதி அவருக்கு இருந்தது. 1745-இல் நடந்த ஒன்றை அவர் குறித்திருக்கிறார். புதுச்சேரிச் சம்பா கோவிலில் (இன்று மிஷன் வீதியில் நிற்கும் கட்டடமன்று, பிள்ளை பார்த்ததை 1761-இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டனர்) பறையர் கிறிஸ்தவர்களைப் பிறரிடமிருந்து பிரிக்கும் ஒரு சுவர் இருந்தது. அச்சுவருக்கு அப்பால் நின்றவர்கள் திரண்டு போய்க் குருவிடம் முறையிட்டார்கள். எல்லோரும் ஒரே சர்வேசுரனின் பிள்ளைகள் என்று சொல்கிறீர்களே, எங்களை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்பதே முறையீட்டின் சாரம். குரு அதில் நியாயம் கண்டார். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். கோவிலில் கைகலப்புக்குச் சற்று முன்பு வரை போயிற்று. கவர்னர் தூப்ளே தலையிட வேண்டியதாயிற்று.

இந்தப் பக்கங்களை நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். அக்கோவிலுக்குச் சுவரோடு வாழ்ந்து பழக்கமிருந்தது. குருமாருக்கு வேதம் தெரியும், இலத்தீன் தெரியும், தமிழ் தெரியும். ஆனாலும் சுவர் தவறு என்பதை முதலில் சொன்னவர்கள் அவர்களல்லர். எழுத்தறியாத மனிதர்கள், தாங்கள் கேட்ட பிரசங்கத்தை அப்படியே நம்பி, அதைச் சொன்னவர்களிடமே திருப்பிக் கேட்டார்கள்.

உரோமாபுரிக்கு அதற்கு முன்பே இது வழக்காகப் போயிருந்தது. 1703-இல் புதுச்சேரிக்கு வந்திறங்கிய பாப்பிறைத் தூதர் தூர்னோன், மறு ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். சேசு சபையார் தமிழ்நாட்டில் அனுமதித்திருந்த வழக்கங்கள் பலவற்றை அது கண்டித்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைத்தல் முதலானவற்றோடு, நோயுற்ற பறையர் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கக் குருக்கள் மறுக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று. தாலியையும் தேங்காயையும் சாகக்கிடப்பவன் வீட்டு வாசலையும் ஒரே பட்டியலில் வைத்ததுதான் அந்த ஆணையின் விசித்திரம். அன்னியரான தூதருக்கு மூன்றும் ஒரே எடையாகத் தெரிந்தன. நாற்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் முடிவு சொன்னார். பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்குள் போக ஆள் கிடைத்துவிட்டது. போகாதவர்கள் போகாமலேயும் இருக்கலாம். நிறுவனங்கள் நன்மை தீமையைத் தீர்க்கும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

ஆனால் இடித்தவர்களை நல்லவர்கள் என்று முடித்துவிட பிள்ளையின் நாட்குறிப்பு விடுவதில்லை. மூன்றாண்டு கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகைக்கு நடுவே, சம்பா கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கேர்தூ என்னும் சேசு சபைக் குரு தாமே லிங்கத்தை உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று பிள்ளை மனம் நொந்து எழுதுகிறார். அந்தக் கேர்தூ சாதாரண ஆளல்லர். சமஸ்கிருதமும் இலத்தீனும் கிரேக்கமும் ஒரு தாய்மொழியின் மக்களாக இருக்கலாம் என்பதை, வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் சொல்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே பாரிசுக்கு எழுதியனுப்பியவர். மொழிகளுக்கிடையே இருந்த உறவு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கோயிலில் அழுதுகொண்டிருந்தவன் தெரியவில்லை. ஒரே கோவில், ஒரே விசுவாசம், மூன்றே ஆண்டு இடைவெளி; ஒரு முறை சம்மட்டி சரியான சுவரில் விழுந்தது, இன்னொரு முறை பிறருடைய கருவறையில் விழுந்தது. இரண்டு முறையும் அடித்தவர்களுக்குத் தாம் சரியானதைச் செய்கிறோம் என்ற உறுதி ஒரே அளவில்தான் இருந்திருக்கும். உறுதியை வைத்து எதையும் அளக்க முடியாது என்று எங்களுக்கு அப்போது தோன்றிற்று. 1745-இல் சுவருக்கு அப்பால் நின்றவர்கள் வந்து பேசினார்கள், குரு கேட்டார். 1748-இல் யார் பேச்சையும் யாரும் கேட்கவில்லை.

புரொட்டஸ்டண்ட் சபையினர் இதில் தேவலை என்று சொல்வாருண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நினைத்துக்கொண்டால் அதுவும் அவ்வளவு எளிதாக இல்லை. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பெரும்புலவர் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிய மிஷனரிமார் சாதி வேற்றுமையை ஒழித்து ஒன்றாகப் பந்தியில் அமரச் சொன்னபோது, அவர் எதிர்த்து எழுதினார். அவர் அடுக்கிய கொடுமைகளில் அதுவும் ஒன்று. தம் பாட்டுகளைக் கோவிலில் பாடவிடாமல் தடுத்தது இன்னொன்று. அவருக்கு இரண்டும் ஒன்றாகவே வலித்தன. வெள்ளைக்காரன் எங்கள் வாழ்வைக் கலைக்கிறான் என்ற அவரது கோபத்தில் பாதி நியாயம், பாதி அநியாயம். அவரால் அதைப் பிரிக்க முடியவில்லை. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபைக்குள் அறவே கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது, கோவிலை விட்டே போனவர்கள் பலர்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவில் இன்னும் நூதனம். பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்கள் போல் விரியும் மண்டபங்கள் இரண்டு, நடுவில் தடுப்பு. பூசை செய்யும் குரு இரு சாராரையும் பார்ப்பார். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டது. பிரிவினையைக் காத்துத் தருமாறு வழக்காடியவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

எங்களை உண்மையில் குழப்பியது எறையூர். அது எங்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது சுவரை இடிக்க வேண்டும் என்பதன்று. தங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக ஆக்கித் தரவேண்டும் என்பது. 2008 மார்ச் 9, தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு, அங்கே கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். செய்தியைப் படித்தபோது அப்பா உயிரோடிருந்தார். “தனியாப் போறதுக்கும் விடமாட்டேங்கிறான், சேர்ந்து நிக்கவும் விடமாட்டேங்கிறான்” என்று மட்டும் சொன்னார். பிரிவினை பாவம் என்றால், பிரிந்துபோகக் கேட்பதும் பாவமா? ஒதுக்கி வைப்பவன் எழுப்பும் சுவரும், ஒதுக்கப்பட்டவன் தன் மானத்துக்காகக் கேட்கும் தனி வாசலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு வேறுபாடு தெரியாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கே உரியது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதாவது, பெரியப்பாவுக்கு அரசாங்கத் தாளில் அந்தச் சாதி இல்லை. கல்லறைத் தோட்டத்தில் உண்டு.

எங்கள் கோவில்களில் வாசிக்கப்படும் விவிலியத்தில் இவையெல்லாம் இல்லாமலில்லை. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் ஒரு சம்பவம் சொல்கிறார். அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த இராயப்பர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். திருச்சபையின் முதல் பந்தித் தகராறு அது. இராயப்பர் கொள்கையில் பிழை செய்யவில்லை. நான்கு பேர் பார்க்கிறார்களே என்று எழுந்துவிட்டார், அவ்வளவுதான். கல்லறையோரம் நின்ற எங்களுக்கு அவரை நன்றாகப் புரிகிறது. புதுச்சேரிக் கோவிலின் பெயரான ‘சம்பா’ என்பது அந்தப் பவுலின் பெயர் பிரெஞ்சில் ஒலித்து மருவியது என்பார்கள். சுவர் அவர் பெயரிலேயே நின்றிருக்கிறது!

இலாசரும் பணக்காரனும் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அந்தப் பணக்காரன் இலாசரை அடித்ததாகவோ துரத்தியதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அவன் தன் வீட்டில் சாப்பிட்டான். இலாசர் வாசலில் கிடந்தான். பத்துக் கற்பனைகளின் கீழ் அவனை நிறுத்தினால் எதிலும் அகப்படமாட்டான். அவன் நரகத்துக்குப் போனது ஒரு வாசலால்.

மனச்சாட்சி என்ற நம் சொல்லைப் பற்றியும் அப்போது பேசிக்கொண்டோம். அது மனத்துக்குள் இருக்கும் நீதிபதி என்று நினைத்துப் பழகிவிட்டோம். சொல் அப்படிச் சொல்லவில்லை. சாட்சி என்றே சொல்கிறது. சாட்சியால் தான் கண்டதைத்தான் சொல்ல முடியும். காணாத இடத்தைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. அந்த இடத்தில் நின்றவரைத்தான் அழைத்துக் கேட்க வேண்டும். பாமா கருக்கை எழுதியது 1992-இல். கன்னியர் மடத்துக்குள் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவரின் சாட்சியம் அது. நாங்கள் அதை அந்நாளிலேயே படித்தோம், பாராட்டினோம், நண்பர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அதற்கெல்லாம் பின்னர்தான் அப்பா இறந்தார், நாங்கள் அப்படி நின்றோம்.

ஏறத்தாழ எட்டு மாதம் கழித்துப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவர் அப்போது அரியாங்குப்பத்தில் மகள் வீட்டில் இருந்தார். மூவரும் சேர்ந்து போனோம். தனியாகப் போகத் துணிவில்லை. சாய்வு நாற்காலியில் இருந்தார். காப்பி வந்தது. அப்பாவின் பி.எஃப். பணம் வந்துவிட்டதா என்று கேட்டார். மில் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று பேசினார். கடைசியில் பெரியவன்தான் தொடங்கினான். அன்றைக்கு ஊரில் உங்களைக் கூப்பிடாமல் விட்டுவிட்டோம், அது தப்பு என்றான். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “நீங்க கூப்ட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன், தம்பி. அவனை அங்க வச்சிக்கிட்டு ஊர்ல சண்டை நடந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

எங்களுக்கு ஒரு கணம் மூச்சு இலகுவாயிற்று. மறைக்க வேண்டியதில்லை, அதைத்தான் கேட்க வந்திருந்தோம் போலிருக்கிறது.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “ஆனா கூப்ட்டிருக்கணும்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புறப்படும்போது தங்கையிடம் மட்டும், அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பெரியப்பாவும் பிறகு காலமானார். அவரையும் ஊரில்தான் வைத்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கம். இம்முறை நாங்கள் அந்தப் பக்கம் போய் நின்றோம். எங்களை யாரும் தடுக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மேலிருந்து கீழே வருகிறவனை எந்தச் சுவரும் தடுப்பதில்லை. பங்காளிகளில் இருவர் அதற்குப்பின் எங்களோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். சுவரை எடுக்க வேண்டும் என்று மூவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். அதில் நான்காவது கையெழுத்துக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். “பார்க்கலாம்” என்பதே இதுவரை கிடைத்த பதில்.

இதற்கிடையில் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு அவரோடு வாழ்ந்தவர். அவர் அருகில் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அம்மா எங்களிடம் எதையும் கேட்டதில்லை. பெரியவன், அது அவர்கள் உரிமை, நம்முடைய மனச்சுத்தத்துக்காக அவர்களைப் பிரிக்க நாம் யார் என்கிறான். தங்கை, சுவர் நிற்கும்வரை இன்னொரு உடலைக் கொண்டுபோய் அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்கிறாள். நடுவில் உள்ளவன் இரண்டு பேர் சொல்வதும் சரி என்று சொல்லி இருவரிடமும் திட்டு வாங்குகிறான். சுள்ளி வழக்கைப் போல இதற்கும் அப்பாவின் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று தெரியும். ஆனால் தோப்புக்காரர் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார்.

சென்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தோம். மாலையில் கல்லறைகளில் சுண்ணாம்பு மணமும் சாமந்திப்பூ மணமும். அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபின் இன்னொரு கட்டு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினோம். சுவரில் வழி கிடையாது. வெளியே போய், சாலையில் நடந்து, குட்டையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த வாசல் வழியாக வரவேண்டும். அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நாங்கள் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றிருந்தார். காற்று அடித்தது. முதல் இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன.

“நிக்குதா?” என்று அம்மா அங்கிருந்து கேட்டார்.

மூன்றாவது பற்றியது. கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, நிற்கிறது என்று சொன்னோம்.